வட்டப் பாத்தியும் ஸ்வீட் பீயும்

அந்தப் பூவின் மேல் புவனாவுக்கு எந்தக் குறையும் இல்லை. பெயர்தான் வாயில் வைக்கிற மாதிரி இல்லை. ஸ்வீட் பீ. இங்கிலீஷ்காரனுக்கு அது தித்திப்பான பட்டாணி. கோயமுத்தூரிலிருந்து காரமடை போகிற ரோட்டில் அது என்னவென்று பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். "மொட்டைமாடியில என்னக்கா போட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "பிட்டூனியாங்க, பேன்சிங்க, ஸ்நாப்டிராகனுங்க" என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "இன்னொண்ணும் இருக்குதுங்க" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த இன்னொன்றை வைத்துத்தான் சண்டை.

எவர்கிரீன் அவென்யூ என்ற அந்த லேஅவுட்டின் கேட்டைத் தாண்டியதும் ஒரு வட்டப் பாத்தி உண்டு. லேஅவுட் போட்டவர் அங்கே நீரூற்று வருவதாகப் படம் காட்டி மனை விற்றார். மனையெல்லாம் விற்றதும் நீரூற்று வற்றிவிட்டது. வட்டம் மட்டும் மிஞ்சியது. புவனா ஸ்கூட்டரில் அதைச் சுற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு பூவை நட்டுவிட்டுப் போவாள். கடைக்குப் போகும்போது நட்டதைத் திரும்பி வரும்போது பிடுங்கி வேறு இடத்தில் வைப்பாள். அவள் வீட்டில் மண் என்று சொல்ல ஒரு சாண் கிடையாது. எல்லாம் மொட்டைமாடியும் சிமெண்டுத் தொட்டியும்தான். அந்த வட்டம் கிடைத்தால் போதும், வேறு எந்தச் சொத்தும் வேண்டாம் என்று இருந்தாள்.

அதே வட்டத்தில் அரங்கசாமி தன் அப்பாவை வைக்க இருந்தார்.

அரங்கசாமி லேஅவுட் சங்கத்தின் தலைவர். மில்லை விற்ற பிறகும் மில்காரர் என்ற பட்டத்தை விற்காமல் வைத்திருப்பவர். மில்லை ஆரம்பித்த அப்பாவுக்கு மார்பளவுச் சிலை ஒன்று திருமுருகன்பூண்டியில் கொத்திக்கொண்டிருந்தார்கள். மீசையில் திருப்தி வராமல் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். சங்கத்துக்குள்ளேயே 'குளிர்கால மலர் மன்றம்' என்று இன்னொரு சங்கம் தொடங்கி அதற்கும் அவரே தலைவர். கோயமுத்தூரில் குளிர்காலம் என்பது விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற காலம். அதற்கே அவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்வார்.

புரட்டாசியில் மன்றத்தின் கூட்டம். மைக்கைப் பிடித்த அரங்கசாமி, "விண்டர் ஆனுவல்ஸில், அதாவது குளிர்காலத்தில் பூத்து முடிகிற செடிகளில், மகாராணி என்று சொன்னால் அது ஸ்வீட் பீ" என்றார். முன்வரிசைப் பொடுசுகள் நாற்காலியிலிருந்து உருண்டுவிட்டன. பெரியவர்கள் கர்ச்சீப்பைத் தேடினார்கள். அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றி முறைத்து, "இனி இந்த மன்றத்தில் அதன் தாவரவியல் பெயரைத்தான் சொல்ல வேண்டும். லாதிரஸ் ஒடோரேட்டஸ்" என்று தீர்மானம் போட்டார். அதை ஒருமுறை சொல்லிப் பார்த்த பொருளாளருக்கு இருமல் வந்துவிட்டது.

"ஆனா அது நம்ம வெயிலுக்குப் பூக்காதுங்க. நானே இங்கிலாந்திலிருந்து விதை தருவிச்சு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாச்சு. லேடீஸ் எல்லாம் பேசாம செவ்வந்தி வெச்சீங்கன்னா போதும்."

புவனா எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் சரவணன் சேலையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

"நான் பூக்க வெச்சுப்போட்டேன்னா?"

"பூத்துருச்சுன்னா வட்டப் பாத்தி உங்களுக்குங்க. எங்க அப்பா வெளிய நிக்கட்டும்" என்றார் அரங்கசாமி. எல்லோரும் சிரித்தார்கள். "பூக்கலீன்னா, செலை தொறக்கறப்ப குத்துவிளக்கு நீங்கதான் ஏத்தோணும்."

மைக் ஆனில் இருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சரவணன் பேசவில்லை. பம்புசெட்டுக்குள் சுழலுகிற இம்பெல்லர் சக்கரத்தை இரும்பில் வார்க்கிற மனுஷர்; பேசுவதற்கு முன் சூடு ஆறட்டும் என்று விடுவது தொழில் பழக்கம். படியேறும்போதுதான் கேட்டார்.

"போன ரெண்டு வருசமும் அந்தச் செடி என்னாச்சு அம்மணி?"

"செத்துப்போச்சுங்க."

"செரி. தெரிஞ்சுதான் எந்திரிச்சியான்னு கேட்டேன்."

செத்த கதை புவனாவுக்கு மனப்பாடம். முதல் வருஷம் ஆர்வம் தாங்காமல் புரட்டாசியிலேயே விதைத்தாள். மழையில் நாற்றுகள் கழுத்து அழுகிச் சாய்ந்தன. அடுத்த வருஷம் பயந்துபோய் மார்கழியில் விதைத்தாள். கொடி ஏறி மொட்டு வைக்கலாமா என்று யோசிப்பதற்குள் பங்குனி வெயில் வந்து வறுத்துவிட்டது. நடுவில் ஒரு சந்து இருக்கிறது, மழை முகம் திருப்புகிற நேரம், அதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு ஆரம்பித்தாள். பொள்ளாச்சித் தென்னை நார்த்தூளைக் கழுவிப் பிழிந்து தட்டுகளில் நிரப்பினாள். பிட்டூனியா விதை மூக்குப்பொடி மாதிரி. தும்மினால் அடுத்த வீட்டில் முளைக்கும். மேலே மண் போட்டால் முளைக்காது என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலோடு தூவி, ஸ்ப்ரே பாட்டிலால் பனி மாதிரி நனைத்தாள். பேன்சி விதை ஈரத்துணியில் சுருண்டு, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் குளிர் வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்வீட் பீ விதையை மட்டும் தனியாக ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டாள்.

காலையில் சமையலறைக்குள் போனால் சரவணன் அந்த டம்ளரோடு நிற்கிறார்.

"குருமாவுக்குத்தானே? வெங்காயம் அரிஞ்சுபோட்டேன்."

"அய்யோ, வையுங்க கீழ! அது வெசமுங்க!"

சரவணன் டம்ளரை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தளும்பியது. "வெசத்தக் கொண்டாந்து டம்ளர்ல ஊறப் போடுவியா? அதும் என்ற டம்ளர்ல?"

ஊறிய விதைகளைத் தட்டில் ஊன்றிவிட்டு புவனா செய்த வேலை, பார்ப்பதுதான். காப்பி டம்ளரோடு பார்ப்பாள், பல்துலக்கிக்கொண்டே பார்ப்பாள். ஒருநாள் விடிகாலையில் நார்த்தூள் லேசாக வெடித்து, அதிலிருந்து ஒரு பச்சைக் கொக்கி தலையைக் குனிந்துகொண்டு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசையே.

"வந்துட்டீங்களா! வாங்க, வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், யாரோ விருந்தாளி என்று நினைத்து சரவணன் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தார்.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை. செடிகளோடு அவள் பேசினாள். நம் ஊர் வழக்கப்படி மரியாதையாகவே பேசினாள். "தண்ணி போதுங்களா?" "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெயில் படட்டும்." கொடி கிளைக்க வேண்டுமானால் சின்னதிலேயே நுனியைக் கிள்ள வேண்டும். அதற்கு மட்டும் மனசு வராமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக் கிள்ளினாள். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அன்று சரவணனுக்கு நிஜமான பட்டாணிக் குருமா கிடைத்தது.

மார்கழியில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியது. ஊரே போர்வைக்குள் சுருண்டபோது புவனா மாடியில் நின்று, "இன்னும் வாங்க, இன்னும் குளிருங்க" என்று காற்றை உபசரித்தாள். கொடிகள் பச்சை நூலை நீட்டி நீட்டிச் சணல் கயிற்றைப் பிடித்து ஏறின. பிறகு மொட்டு. பிறகு ஒரு காலை, வெளிர் ரோஸ் நிறத்தில், பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குழந்தை மாதிரி ஒரு பூ. முகத்தைக் கொண்டுபோனாள். அந்த வாசனையை என்னவென்று சொல்வது! ஆரஞ்சுத் தோலும் தேனும் புதுச்சேலை மடிப்பும் கலந்த மாதிரி. அவள் கீழே ஓடிப்போய் சரவணனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் குனிந்து மோந்தார், நிமிரவே இல்லை.

"இதுக்கா அந்தப் பேரை வெச்சான்?" என்றார் கடைசியில்.

ஊதா, வெள்ளை, ஆழ்ந்த சிவப்பு என்று கொடி நிறைந்தது. ஒரு பூவைக்கூட அவள் பறிக்கவில்லை. பறிக்க விடவும் இல்லை. பூத்து முடிந்தவை குட்டிக் காய்களாகத் தொங்கியதைக்கூடப் பெருமையாகப் பார்த்தாள். மன்றம் நடத்தப்போகிற மலர்க் கண்காட்சியில் நடுவர் வந்து பார்க்கும்வரை ஒரு இதழும் குறையக் கூடாது.

கண்காட்சியைத் தை மூன்றாம் தேதி வைத்தார் அரங்கசாமி. விடுமுறை நாள், கூட்டம் வரும். அன்று நம் பக்கத்துப் பண்டிகையான பூப்பறிக்கிற நோம்பி என்று யாரோ சொல்ல, அவருக்குப் பொறி தட்டிவிட்டது. மலர்க் கண்காட்சி, பாரம்பரியம், இரண்டுக்கும் ஒரே பந்தல் செலவு. மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. முக்கால்வாசி அவர் முகம், கம்பளித் தொப்பியோடு. மிச்ச இடத்தில்: 'எவர்கிரீன் அவென்யூவில் மாபெரும் பூப்பறிக்கும் நோம்பி! அனைவரும் வருக!'

அவருக்கு அது தலைப்பு. எழுத்துக் கூட்டிப் படித்த பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு அது அழைப்பு.

எவர்கிரீன் அவென்யூ இருக்கிற இடம் ஒருகாலத்தில் ஆவாரங்காடு. தை மூன்றாம் நாள் பொங்கல், முறுக்கு, கச்சாயம் எல்லாம் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர்ப் பெண்கள் இங்கேதான் பூப்பறிக்க வருவார்கள். லேஅவுட் வந்ததும் கேட் வந்தது. அவர்கள் ரயில்வே லைன் ஓரமாக எங்கேயோ போய்ப் பறித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்டுக்காரரே கும்பிட்டுக் கூப்பிட்டால் வராமல் இருப்பது மரியாதையா?

அன்று காலை போட்டிக்காரர்கள் எல்லோரும் தொட்டிகளைக் கொண்டுவந்து வட்டப் பாத்தியைச் சுற்றி வைத்தார்கள். பாத்திக்குள்ளே அரங்கசாமியின் பேன்சிகள், வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே மாதிரி சிரித்தன. நேற்று மாலை வரை அங்கே வெறும் மண்தான் இருந்தது. 'விதையிலிருந்து மலர் வரை: தலைவரின் கைவண்ணம்' என்று ஒரு பலகையும் இருந்தது. புவனாவும் சரவணனும் மூச்சுவாங்கத் தொட்டிகளை இறக்கி, கொடிகளை நேராக்கி நிறுத்தினார்கள். நடுவர் வர நேரம் இருந்தது. சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று புவனா வீட்டுக்குப் போனாள்.

பட்டுச்சேலை கட்ட ஆகிற நேரம்தான் ஆனது.

திரும்பி வரும்போதே கும்மிப் பாட்டு கேட்டது. கேட் வழியாக ஊர்வலமாகப் பெண்கள், பிள்ளைகள், தூக்குப்போசிகள். நோம்பிக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். செவ்வந்தித் தொட்டிகள் மொட்டையாகியிருந்தன. புவனா பார்த்தது தன் கொடிகளை. வெறும் பச்சை. ஒரு நிறம் இல்லை. அவளுக்கு நெஞ்சில் யாரோ குத்துவிளக்கை ஏற்றிவைத்த மாதிரி எரிந்தது.

"ஏனுங்க! என்ன பண்ணிப்போட்டீங்க!"

கொண்டை நிறைய ரோஸும் ஊதாவுமாகத் திரும்பினாள் பழனாத்தாள் என்ற பெண். கூட்டத்துக்கு அவள்தான் முன்னால் நின்று பாடுகிறவள். "நோம்பிங்க அம்மணி. நீங்களும் வாங்க. கச்சாயம் எடுத்துக்குங்க" என்று புவனா கையில் ஒன்றைத் திணித்துவிட்டு, "இது யாரு வெச்ச பூவுங்க? இப்படி மணக்குது! பேரென்னங்க?" என்றாள்.

இத்தனை நாள் முந்தானையால் துடைத்து மறைத்த பெயர் அது. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு நிற்க, புவனா சொன்னாள்: "ஸ்வீட் பீ."

பழனாத்தாள் கையைத் தூக்கித் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். "அதையா நான் தலையில வெச்சிருக்கேன்?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒருத்தி தூக்குப்போசியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். புவனாவுக்கும் கண்ணில் நீர் வழிய வழியச் சிரிப்பு வந்தது. எது எதற்கான நீர் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பாத்திப் பக்கமிருந்து ஒரு சிறுமி, "அம்மா, இந்தப் பூவு பையோட வருதும்மா!" என்று கத்தினாள். அவள் பிடித்து இழுத்த பேன்சி, கருப்பு பிளாஸ்டிக் பையோடு அப்படியே கையில் வந்திருந்தது. பையில் ஊட்டி நர்சரி ஒன்றின் ஸ்டிக்கர். இன்னொரு பிள்ளை இன்னொன்றை இழுத்தது. அதுவும் பையோடு. 'தலைவரின் கைவண்ணம்' வரிசை வரிசையாகப் பையோடு வெளியே வந்துகொண்டிருக்கும்போது தலைவர், நடுவரை முன்னால் விட்டுப் பின்னால் மாலையோடு வந்து சேர்ந்தார்.

நடுவர் சைத்ரா, கல்லூரியில் பூப்பயிர் பாடம் நடத்துகிறவர். அவர் பையையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார், நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அரங்கசாமி தொண்டையைக் கனைத்து, "அது... அது ஒரு டெமான்ஸ்ட்ரேஷனுங்க மேடம்" என்றார். பிறகு புவனாவின் கொடியைக் கண்டதும் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

"அம்மணி, உங்க லாதிரஸ் எங்கீங்க? பூவே காணோமுங்களே?"

"இதா இருக்குதுங்களே" என்று பழனாத்தாள் தலையைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ரோஸ், வெள்ளை, ஊதா, சிவப்பு.

"செடியில இல்லாத பூவு செல்லாதுங்க. போட்டின்னா ஒரு ரூல் இருக்குது."

"ஏனுங்க, பறிக்காம எப்படிங்க பூப்பறிக்கிற நோம்பி? நீங்கதானுங்க போர்டு வெச்சுக் கூப்புட்டீங்க. உங்க மூஞ்சிதானுங்களே அது?"

அரங்கசாமி அது தன் மூஞ்சி இல்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தார். கம்பளித் தொப்பி வேறு தலையிலேயே இருந்தது.

பந்தயம் என்னவென்று சைத்ரா விசாரித்தார். ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். மைக்கில் சொன்ன வார்த்தை எது என்று கேட்டார். "பூத்துருச்சுன்னா பாத்தி உங்களுக்குன்னாருங்க" என்று கேட்டிலிருந்து செக்யூரிட்டி கத்தினார். சைத்ரா பழனாத்தாளிடம் போய், "கொஞ்சம் குனியுங்கக்கா" என்று அவள் கொண்டையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். ஊரே அவர் மூச்சு விடுவதற்குக் காத்திருந்தது.

"பூக்காத பூவைப் பறிக்க முடியாதுங்களே சார்" என்றார்.

விசில் பறந்தது. புவனாவுக்குக் காதில் எதுவும் விழவில்லை. சைத்ரா கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொங்கிய காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெதுக்குங்க பறிக்கறீங்க?"

"நீங்கதாங்க பறிச்சிருக்கோணும். காய் புடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு கொடி நின்னுரும். பறிக்கப் பறிக்கத்தான் இது பூக்கும். இவங்க வரலீன்னா இன்னும் கொஞ்ச நாள்ல தானா நின்னு போயிருக்கும். இங்க பாருங்க." இலைக்கும் தண்டுக்கும் நடுவே விரலால் விலக்கிக் காட்டினார். அரிசி அரிசியாக மொட்டுகள். புவனா பட்டுச்சேலையோடு மண்டிபோட்டாள்.

"பழனாத்தாளக்கா! வர்ற வாரமும் வாரீங்களா?"

"வெசாழக்கெழமை வாரோமுங்க" என்று உடனே பதில் வந்தது.

பின்னால் அரங்கசாமி மைக்கைப் பிடித்துவிட்டார். "இந்த வட்டத்தில் ஒரு பூங்கா மலர வேண்டும் என்பதே எனது தந்தையார் கண்ட கனவு" என்று பேச ஆரம்பித்தார். அப்பா கனவில் பூங்கா எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கச்சாயம் மென்றுகொண்டு கைதட்டினார்கள். சிலை இனி அவர் வீட்டு போர்ட்டிகோவில் கார்களை மேற்பார்வை பார்க்கும்.

அன்று சாயந்தரமே புவனா மண்வெட்டியோடு வட்டப் பாத்தியில் இறங்கிவிட்டாள். நின்று பார்த்துக்கொண்டிருந்த சரவணன், "இப்ப என்னத்தப் போடப்போறே?" என்றார்.

"இப்ப ஒண்ணும் போட முடியாதுங்க. வெயில் வந்துரும். தீவாளி தாண்டோணும்."

"அதுக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்குது! அப்பறம் எதுக்கு இப்பவே கொத்தறே?"

"என்னால இருக்க முடியலீங்க!" என்றவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, நடுவுல வந்து நில்லுங்க. நீங்கதான் ஸ்வீட் பீ. கையத் தூக்குங்க. கொடி அவ்வளவு ஒசரம் வரும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியோணும்."

மெயின் வழியில் நாலு பேர் பார்க்க, வட்டத்தின் நடுவில், சிலை நிற்க வேண்டிய இடத்தில், இம்பெல்லர் சரவணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். புவனா தூரப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஓடிவந்தாள். மறுபடி தூரப் போனாள். வாக்கிங் வந்த அம்மா ஒருவரைப் பிடித்து ஸ்நாப்டிராகன் ஆக்கினாள். செக்யூரிட்டி பிட்டூனியா ஆனார்.

அப்போது தொப்பியோடு அரங்கசாமி வந்தார். திரும்பிப் போகலாமா என்று அவர் யோசித்த அந்தக் கணத்தில் புவனா கண்டுவிட்டாள்.

"ஏனுங்க, தலைவருங்க! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஓரத்துக்கு ஆளே இல்லைங்க. அந்தக் கல்லுகிட்டக் கொஞ்சம் குத்தவெச்சு உக்காருங்கொ. நீங்கதான் பேன்சி."

அரங்கசாமி சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரவர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மூட்டு வலியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். புவனா முகத்தில் இருந்த அவசரத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லவில்லை. மெதுவாக வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னுங் கொஞ்சம் குனியுங்க" என்றாள் புவனா. "பின்னால இருக்கறவங்க மறையறாங்க."